அட்டைப் பேருந்துக்கு ரிலீவர் வரவில்லை

சுங்குவார்சத்திரம்,
நவம்பர் இறுதி ஞாயிறு.

அன்பு மகன் நிர்மலுக்கு, உன் அன்னை சூசையம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும், உன் தந்தையாரும், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மீன்தொட்டியில் எஞ்சியிருக்கும் ஒற்றை மீனும் ஆண்டவர் காவலில் நலமாகவே இருக்கிறோம். அடிலெய்டில் நீயும் அவ்வண்ணமே இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று சொல்வதற்குக் காரணம், ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில் உதிர்க்கும் "நல்லாயிருக்கேம்மா" என்பதற்கு மேல் எனக்கு வேறு சான்று கிடைப்பதில்லை. நான் ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தொடங்கிப் பயனிலையை நெருங்குவதற்குள் "சரிம்மா, அப்புறம்" என்று நீ என்னை முடித்துவைக்கிறாய். தாள் அவ்வாறு செய்வதில்லை, ஆகவே எழுதுகிறேன். சென்ற ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு வர இயலாது என்றாய். அங்கே அது கோடை விடுமுறைக் காலமாம், பெற்றோர் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் நாள் முழுவதும் உன் நிலையத்தில் இருப்பார்களாம், உனக்குப் பதிலாக நிற்க ஆள் கிடைக்கவில்லையாம். உடனே அழைப்பு அறுந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று நீ எண்ணியிருப்பாய். சிக்னல் மிகவும் நன்றாக இருந்தது. அன்று மாலையே உன் தந்தையார் நம் டீக்கடையிலிருந்து வந்து, "அதான் அவன் வர்லன்ட்டானே, மாடி ரூம் சும்மா தூங்கிகினு கீது, கம்பெனிப் பசங்க கடையாண்ட வந்து கேட்டுகினே கீறாங்க, வுட்டுடலாமா?" என்றார். அவருக்கும் நான் பதில் கூறவில்லை. இருவருக்குமான பதில் இக்கடிதத்தின் இறுதியில் உள்ளது. அங்கே தாவிப் போகாமல் முறைப்படி படித்து வருக.

உன் தொழிலைக் குறித்து ஊரில் விசாரிப்பவர்களுக்கு நான் என்ன விடை சொல்வது என்பது இன்னும் தீராத சிக்கலாகவே இருக்கிறது. பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்குப் பயனுள்ள பொழுதுபோக்குகளை வகுத்தளிக்கும் பணி என்று நான் முழுமையாக எடுத்துரைத்தாலும், அவர்கள் சற்று யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர்லதானே?" என்றே கேட்கிறார்கள். ஆமென்று சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் ஒரு நிமிடம் அமராமல், பங்குக் கோயிலின் மணிக்கயிற்றில் தொங்கி, நண்பகலில் பூசைக்கு மணியடித்து ஊரைக் கூட்டிய ஒருவன், இன்று வெள்ளைக்காரப் பிள்ளைகளை வட்டமாக அமரவைத்து அமைதி காக்கச் சொல்கிறான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை, அவர்கள் எப்படி நம்புவார்கள்? ஆயினும் பங்குத்தந்தை கோயிலின் பழைய மன்றத்தை எனக்குத் தந்து, கம்பெனித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்டபோது, முதலில் உன்னிடம்தான் ஆலோசனை கேட்டேன் என்பதை நீ பெருமையாகக் கொள்ளலாம். நீ அனுப்பிய திட்டத்தை அச்செடுக்கக் கொடுத்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர், "இன்னாங்க இது, ரயில் டைமா?" என்று கேட்டார். திங்கள், மன உணர்வுகளைப் பகிரும் வட்டம். செவ்வாய், விதை நடுதல். புதன், அரசன் கதையை நாடகமாக்குதல். நன்றாகவே இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு நேராக, "கையில் கிடைக்கும் பொருள்களோடு பிள்ளைகள் தங்கள் விருப்பம்போல் விளையாடட்டும், பெரியவர்கள் குறுக்கிட வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். இது திட்டமன்று, திட்டம் போடுகிறவர் தூங்குவதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று முடிவு செய்து, சிவப்பு மையால் அடித்துவிட்டு, அவ்விடத்தில் "பேச்சுப் போட்டி: நேரம் தவறாமையின் மேன்மை" என்று எழுதினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊராட்சி நூலகத்தின் அலமாரிகளையே ஆசிரியர்களாகக் கொண்டு இந்தச் செந்தமிழைக் கற்றவள் நான். ஆகவே பேச்சுப் போட்டி பிள்ளைகளைத் தட்டியெழுப்பும் என்று உறுதியாக நம்பினேன். ஒரு பையனை மட்டும் தட்டியெழுப்ப நேர்ந்தது. மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். உன் உணர்வு வட்டமும் என்னைக் காப்பாற்றவில்லை, மகனே. இன்று உன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் நீ சொன்னபடியே மென்மையாகக் கேட்டேன். முதல் பிள்ளை "பசிக்குது டீச்சர்" என்றது. வட்டம் முழுவதும் அதே உணர்வே சுற்றி வந்தது. உன் தந்தையார் சுண்டல் கொண்டுவந்த பின்னரே எல்லார் மனமும் தெளிந்தது. ஆனால் உண்மையான விபத்து நாடகத்தில் நேர்ந்தது. நானே எழுதிய, நீதி தவறாத மன்னனைப் பற்றிய நாடகம். ஒரு வாரம் முழுவதும் ஒத்திகை பார்த்து, அடுத்த திங்களன்று வந்து பார்த்தால் மன்னன் இல்லை, அமைச்சன் இல்லை, முறையிட வந்த பெண்ணும் இல்லை. இரண்டு காவலர்களும் ஒரு மானும் மட்டும் நிற்கிறார்கள். அவர்களோடு, நாடகம் என்றால் என்னவென்றே அறியாத புதிய பிள்ளைகள் ஒரு கூட்டம். உன் தந்தையார் வாசலில் தேநீர் வாளியோடு நின்று, "இன்னா டீச்சரம்மா, ராஜாவுக்கு ஷிப்ட் மாறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காரணம் அதுவேதான். இங்கே பிள்ளைகள் கிழமையைப் பார்த்து வருவதில்லை, தாயின் ஷிப்டைப் பார்த்து வருகிறார்கள். தாய்க்கு முதல் ஷிப்டு என்றால் மாலையில் அவளே வீட்டில் இருப்பாள், பிள்ளை வராது. இரண்டாம் ஷிப்டு என்றால் அவள் பகலில் பேருந்தேறி நள்ளிரவை ஒட்டித்தான் திரும்புவாள், பிள்ளை நம்மிடம் வரும். வாரத்துக்கு வாரம் இது மாறும். என் மன்றத்தில் இருப்பது ஒரு வகுப்பன்று, ஒன்றையொன்று பாராத இரண்டு வகுப்புகள். டீக்கடை வாசலிலேயே அத்தனை கம்பெனிப் பேருந்துகளும் நின்று புறப்படும் ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கும் இது தோன்றவில்லை, அதே வாசலில் இருபது ஆண்டுகளாகக் குவளை கழுவிய எனக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு பிழையில் நாம் இருவரும் சமம். ஆகவே ஒருவரையொருவர் குறை சொல்லாமல் மேலே செல்வோம்.

இந்தச் சமயத்தில்தான் முத்துச்செல்வி என்ற பெண் வந்து சேர்ந்தாள். நான்காம் வகுப்பு. பெற்றோர் தெற்கே சுரண்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நம் தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கிறார்கள். தாய் சசிரேகா இங்குள்ள ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறாள். தந்தை தளவாய் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு முதல் ஷிப்டுதான். மாலையில் வந்து பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் அவரிடமிருந்து வண்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டிய ஆள், ரிலீவர் என்கிறார்கள், வராவிட்டால் அவர் இறங்க முடியாது. அடுத்த ஷிப்டும் அவர் தலையிலேயே விழும். அப்படிப்பட்ட நாள்களே மிகுதியாம். அன்றெல்லாம் இந்தப் பெண் கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, தொலைபேசியும் கையுமாக இருளும்வரை தனியே இருந்திருக்கிறாள். அறையை வாடகைக்கு விட்டவர் கண்டித்துச் சொன்ன பிறகு, இருவரும் விடுப்பெடுத்த ஒரு நாளில் தளவாய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என்னிடம் விட்டார். "பொம்பளப் பிள்ளைய இப்படிப் பூட்டிப் போட்டுட்டு வண்டியில உக்காந்தா நெனப்பெல்லாம் அங்ஙனயே கெடக்குக்கா," என்றார். "இங்க இவ தரிச்சான்னா சரி. இல்லன்னா அரையாண்டு லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோய், எங்க அக்கா வீட்லயே விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்னு இருக்கேன்." பக்கத்தில் நின்ற சசிரேகா பெண்ணின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். அது முன்பே ஒழுங்காகத்தான் பின்னப்பட்டிருந்தது. அவள் போன பிறகு முத்துச்செல்வி மூலையில் சென்று சுவரைப் பார்த்து அமர்ந்தாள். பேச்சுப் போட்டிக்கும் திரும்பவில்லை, சுண்டலுக்கும் திரும்பவில்லை. நான் என் சொல்வளம் அனைத்தையும் செலவிட்டும் அவள் முதுகைத் தவிர வேறெதையும் எனக்குக் காட்டவில்லை. மறுநாள் வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்து அழுதாளாம்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நீ அங்கே எழுந்து நின்று ஆடுவாய். ஆடாமல் இருப்பதாக எனக்கு வாக்களித்துவிட்டுப் படி. அந்த வெள்ளிக்கிழமை மழையில் நனைந்ததால் என் தொண்டை முற்றிலும் கட்டிப்போயிற்று. காற்று வந்ததேயன்றிச் சொல் வரவில்லை. மன்றத்தை மூடலாம் என்றால் தாய்மார்கள் ஏற்கெனவே பேருந்தேறிவிட்டார்கள். உன் தந்தையார் வீட்டுப் பொருள் விற்கும் கடையிலிருந்து குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து பிள்ளைகள் நடுவே போட்டுவிட்டு, "இன்னைக்கு டீச்சர் பேச மாட்டாங்க, ஜாலியா இருங்கடா," என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பிள்ளைகள் வரவேற்ற விதம் எனக்கு உகந்ததாக இல்லை. நான் நாற்காலியில் அமர்ந்து, வேறு வழியின்றிக் குறுக்கிடாமல் இருந்தேன். அவர்கள் என்ன விளையாடினார்கள் தெரியுமா? கம்பெனி. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டால் லைன். கழுத்தில் நூலில் தொங்கும் பேருந்து டிக்கெட்டுதான் அடையாள அட்டை. சுப்பன் என்றொரு பையன் சூப்பர்வைசர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, "பேசாத, கை ஓடட்டும், டார்கெட் யாரு குடுப்பா?" என்று அதட்டினான். இதையெல்லாம் யார் இவர்களுக்குக் கற்பித்தார்கள்? வீட்டில் சோறு உண்ணும்போது பெரியவர்கள் பேசியவை அவை. தடுக்கலாமென்று நான் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அப்போது லைனில் நின்ற ஒரு சின்னப் பெண், "சார், இன்னைக்கு என்னால ஓ.டி. பாக்க முடியாது, எம் பாப்பா வூட்ல தனியா கீது," என்றாள். சூப்பர்வைசர் சுப்பன் நின்றான். மேலே நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்து யோசித்தான். பிறகு, "சரி, நீ போ. பாப்பா பாவம்," என்றான். அப்போதுதான், மகனே, சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தவள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். என்னிடம் குரல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நிச்சயமாக ஏதேனும் அறிவுரை சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அட்டைப்பெட்டிகளை ஒட்டிக் கம்பெனிப் பேருந்து ஒன்று கட்டுவது என்று அன்றே முடிவாயிற்று. மறுநாள் சனி ஆதலால் பசை காய்வதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரப் பிள்ளைகள் வந்து பிய்த்துவிடுவார்களே என்ற கவலை எழுந்தது. ஒளித்து வைக்கலாமென்றான் சுப்பன். முத்துச்செல்வி அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தாள். "எங்கம்மா கம்பெனியில யாரும் ஒளிச்சு வைக்க மாட்டாக. அடுத்த ஷிப்டு ஆளுகிட்ட நின்னு சொல்லிக் குடுத்துட்டுதான் வருவாக. சொல்லாம வந்தா மெமோ." மன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எந்தத் தாய்க்கு எந்த ஷிப்டானாலும் சனிக்கிழமை காலையில் இரு அணிப் பிள்ளைகளும் ஒருங்கே கூடுவது, ஒவ்வொருவரும் தம் ரிலீவரிடம் வேலையை ஒப்படைப்பது என்று ஏற்பாடு. நேரம் தவறாமையின் மேன்மையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசாத பிள்ளைகள், பசை எந்தப் பக்கம் ஈரம், எந்தச் சக்கரம் ஆடுகிறது, எந்தக் கதவை யார் தொட்டால் விழும் என்று மூச்சு விடாமல் ஒப்படைக்கிறார்கள். கேட்கிறவர்கள் குறுக்குக் கேள்வி வேறு கேட்கிறார்கள். முத்துச்செல்விக்கு ஓட்டுநர் இருக்கையும் பலகைகளும் பொறுப்பு. எதிரணியில் அவள் ரிலீவர் நம் தெருப் பகலவன் மகள் லிடியா. ஒருத்தி "அங்ஙன தொடாத" என்கிறாள், மற்றவள் "எங்க? இங்கயா?" என்று சரியாக அங்கேயே தொடுகிறாள். இருவரும் பிரியாத் தோழிகள். வாரம் இரண்டு கழிந்து மழையும் விட்டது. பேருந்து மன்றத்தின் பாதியை அடைத்துக்கொண்டது. என் பழைய மாம்பழ நிறப் புடவையே அதன் சன்னல்களுக்குத் திரை. சுங்குவார்சத்திரம் முதல் ஒரகடம் வரை என்று எழுதிய பலகைக்குக் கீழே, "நடுவில் நிற்காது" என்று முத்துச்செல்வி தன் கைப்பட எழுதியிருக்கிறாள். ஏன் நிற்காது என்று கேட்டேன். நின்றால் அப்பாவுக்கு நேரமாகிவிடுமாம்.

நேற்றுக் காலை ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தபோது தளவாய் வந்தார். அடுத்தடுத்த ஷிப்டுகளும் தலையில் விழுந்து இரவு முழுவதும் வேலை போலும், கண்கள் சிவந்திருந்தன. தயங்கித் தயங்கி, அக்கா வீட்டில் பேசி முடித்தாயிற்று என்றும், அங்குள்ள பள்ளியில் இடம் சொல்லிவைத்தாயிற்று என்றும், இங்கே மாற்றுச் சான்றிதழுக்குத் திங்களன்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். பிள்ளை இப்போது விருப்பத்தோடு வருகிறாளே என்றேன். "அது தெரியும்க்கா. ஆனா பேசி முடிச்சாச்சே," என்றார். பேசி முடித்ததை மாற்றுவது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கல் நெஞ்சமெல்லாம் இல்லை. பிறகு பேருந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, எல்லாருட்டயும் சொல்லிட்டு வா." அவள் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. ஒப்படைத்துவிட்டுத்தான் வர முடியும் என்றாள். சரி, ஒப்படை என்றார். அவள் லிடியாவை அழைத்து, ஸ்டியரிங் வட்டத்தை நீட்டி, "இத வாங்கிக்கோ," என்றாள். லிடியா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுப்பனிடம் நீட்டினாள், அவனும் கட்டிக்கொண்டான். வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையும் கைகளைப் பின்னால் கொண்டுபோயிற்று. நான் கற்பிக்கவில்லை, ஆண்டவர் சாட்சி. கற்பித்திருந்தால் இடையில் ஒரு பேச்சும் வைத்திருப்பேன். முத்துச்செல்வி தன் தந்தையைப் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை, அவர் கிடங்கிலிருந்து எத்தனையோ முறை தொலைபேசியில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"ரிலீவர் வரலப்பா. நான் எப்படி எறங்குறது?"

தளவாய் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே பார்த்தார். சிரிக்கிறாரா வேறெதுவுமா என்று என்னால் அறிய முடியவில்லை. பிறகு குனிந்து பேருந்துக்குள் நுழைந்து கடைசி இருக்கையில் அமர்ந்தார். அது உடனே அமுங்கிற்று. கட்டிய பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் அவரைக் கண்டித்தார்கள். "சரி, சரி," என்றார். "ரிலீவர் வாரவரைக்கும் ஓட்டு." மாலையில் சசிரேகா என்னிடம் வந்தாள். ஊரில் அக்காவிடம் அவரே பேசிவிட்டாராம். விடுமுறைக்குப் போய், விடுமுறை முடிந்ததும் திரும்புவார்களாம். முழு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு மறுபடி பார்க்கலாமாம். மறுபடி பார்க்கும்போது பேருந்துக்கு இன்னொரு பெட்டி சேர்த்துவிடலாம் என்று நான் இப்போதே யோசித்துவைத்திருக்கிறேன். அவருடைய ரிலீவர் வராத மாலைகளில் முத்துச்செல்விக்கு இரவுத் தோசை நம் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டேன். உன் தந்தையார் அவளுக்கு இரண்டு என்றால் தமக்கு மூன்று என்று கணக்குப் பார்க்கிறார்.

மகனே, நான் அடித்த உன் வரியை மறுபடி எழுதிவிட்டேன்: வெள்ளிக்கிழமை, விருப்ப விளையாட்டு, பெரியவர்கள் குறுக்கிட வேண்டாம். சிவப்பு மையாலேயே எழுதியிருக்கிறேன், வெற்றியில் நீ மிகவும் மகிழ்ந்துவிடக் கூடாதல்லவா. பேச்சுப் போட்டியை வியாழனுக்கு மாற்றியிருக்கிறேன். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. இனி அந்த இரண்டு பதில்கள். பிள்ளைகளை இன்னொருவர் கையில் சரியாக ஒப்படைக்காமல் இறங்க முடியாது என்று நீ சொன்னது நியாயம். நேற்றுவரை எனக்கு அது சாக்காகத் தோன்றிற்று, ஒன்பது வயதுப் பெண் சொன்னபோது நியாயமாகக் கேட்டது. தாய்மார்களின் காது அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு அங்கேயே நில், நன்றாக நில். ஆள் வந்ததும் இறங்கு. அங்குள்ள பிள்ளைகளுக்கு வெயிலில் தொப்பி போடச் சொல்லும் நீ உன் தலைக்கும் ஒன்று போட்டுக்கொள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. உன் உணர்வு வட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வை. உன் தந்தையாருக்கும் சற்றுமுன் பதில் சொல்லிவிட்டேன். உன் மாடி அறைச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் சாவியோடு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆண்டவர் உன்னையும் உன் பொறுப்பில் உள்ள பிள்ளைகளையும் காப்பாராக.

இங்ஙனம்,
உன் அன்னை,
சா. சூசையம்மாள்,
பொறுப்பாளர், மாலை நேரச் சிறுவர் மன்றம்.